தம்பி ஆடிக்கொண்டிருக்கும் அறை

ஹலோ… ஹலோ, துயேனா? நான்தான்ப்பா, தோம். லாமோட அக்கா… ஆமா, ஆமா, கஞ்சிக்கடை தோம் அக்காதான். கேக்குதா?… என்ன சத்தம் அது?… மணல் படகா? இஞ்சினை விட்டுக் கொஞ்சம் தள்ளி வாயேன். கட் மட்டும் பண்ணிடாத, உன் கால்ல விழறேன்.

கேளு. லாம் இப்ப உங்க கேம்ல இருக்கானா?… அதான், அந்தப் பழைய சாம்ராஜ்ய கேம், யானை, வில்லு எல்லாம் வருமே… இருக்கானா! எப்படித் தெரியும்?… ஓ, உன் போன்ல யார் யார் இருக்காங்கன்னு மட்டும் தெரியுமா. சரி. யார் கூட இருக்கான்?… ‘புலிமீசை’யா? ஐயோ. அவன்தான்டா லாமைக் கூட்டிட்டுப் போனவன். அவனேதான்.

… வேலையும் இல்ல மண்ணும் இல்ல! எல்லை தாண்டினா கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கிற வேலை, நல்ல சம்பளம்னு கேம்லயே பேசிப் பேசித்தானே இவனைக் கிளப்பினான்? பக்கத்துச் சந்து ஹோவா அக்கா பையன் போன மாசம் இதே ஆளோட போனான். இன்னிக்குக் காலையில யார் போன்லயோ ஒளிஞ்சு பேசியிருக்கான். அடைச்சு வச்சு அடிக்கிறாங்களாம். கம்ப்யூட்டர்ல முகம் தெரியாத ஜனங்களை ஏமாத்திப் பணம் பறிக்கச் சொல்றாங்களாம். லாமை இன்னிக்குச் சாயங்காலம் தாண்ட வைக்கப் போறான் துயேன்!

… போனைத்தான் ‘கம்பெனியில புதுசு தருவாங்க’ன்னு வாங்கி வச்சுக்கிட்டானே… போலீஸ்ல சொல்லியாச்சு. எந்தக் கடைன்னு கேக்கறாங்க. தைநின் பக்கம், எல்லைக்குக் கிட்ட, ஏதோ ஒரு நெட் கடை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவன் காதுல ஒரு வார்த்தை போட இந்தக் கேமை விட்டா வேற வழியில்ல. உன்னால படகுல இருந்து முடியாது. நான் நுழையறேன். அவனோட கம்ப்யூட்டர் முன்னாலதான் உக்காந்திருக்கேன். சொல்லு.

… தெறந்தாச்சு. ‘பலர் ஆட்டம்’னு இருக்கறதை அமுக்கினேன்… ஒண்ணும் வரல. ஏதோ பாகம் இல்லைங்குது… கண்ட்ரோல் பேனலா? இரு… ஆமா… ஆமா… பழைய பாகங்கள்னு ஒரு வரி… டிக் போட்டுட்டேன். இறங்குது. பச்சைக் கோடு பாதியில நிக்குது துயேன்!… எனக்குக் காத்திருக்கத் தெரியாதா?… கத்தல. நான் கத்தலப்பா. மன்னிச்சுக்க.

… அப்பா வாசல்ல நிக்கிறாரு. இந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக் குளத்துல போடறேன்னு நின்ன மனுஷன். இப்ப ‘வந்துச்சா, வந்துச்சா’ன்னு நிமிஷத்துக்கு ஒரு தடவை கேக்கறாரு.

ஆ, முடிஞ்சுது! அடுத்து?… எல்லாரையும் ஒரே வயர்ல கட்டின மாதிரி காட்டற அந்தப் புரோகிராமா? இருக்கு. பேரு கேக்குது… உன் பேர்லயா? ஆமா, நான்னு தெரிஞ்சா புலிமீசை உஷாராயிடுவான். சொல்லு… ‘நண்டுக்கஞ்சி’யா? இதுக்குப் பேரு பேரா?… பாஸ்வேர்டு?… அட, வெக்கப்படற நேரமா இது, சொல்லித் தொலை!… யாரு அந்த லியென்?… சரி சரி, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.

ரூம் தெரியுது. லாம் பேரு இருக்கு! அப்பா, இருக்கான்!… ஆரம்பிச்சுட்டா உள்ள விடாதா? இல்ல, இன்னும் நாலாவது ஆளுக்குக் காத்திருக்காங்க… நுழையறேன்… வெளிய தள்ளிடுச்சு! மறுபடியும் தள்ளுது!… ஃபயர்வாலா? அது எங்க இருக்கு?… அணைச்சேன்… ஹலோ? ஹலோ! துயேன்! போயிட்டியா?… ஐயோ, பாலத்துக்கு அடியில போறேன்னு சொல்லிட்டுப் போகக் கூடாதா! உயிரே போயிடுச்சு… நுழைஞ்சுட்டேன். நுழைஞ்சுட்டேன்டா!

புலிமீசை எழுதறான். ‘எங்கடா தொலைஞ்ச, நண்டு’ங்கறான். என்ன போட?… ‘ம்’ போதுமா? நீ அவ்வளவுதான் பேசுவியா?… போட்டுட்டேன். லாம் ரெண்டாவது அணி. நானும் ரெண்டு. அப்பதான் அவன் கண்ணுக்கு மட்டும் எழுத முடியும், சரி. ஆரம்பிச்சுடுச்சு.

… மூணு குட்டி ஆளுங்க நிக்கறாங்க… பழம் பறிக்கணுமா? பறிங்கடா… ‘அணிக்கு மட்டும்’, ஆச்சு. ‘ஓடு’ன்னு எழுதறேன்… எழுத்துக்கு மேல குறியே விழ மாட்டேங்குதே!… பழைய கேம்ல விழாதா? நம்ம பாஷையில குறி இல்லாம எழுதினா ‘ஓடு’வும் ‘மரக்கறி’யும் ஒரே எழுத்தாச்சே, ‘மரக்கறி’ன்னுல்ல படிப்பான்… அனுப்பிட்டேன். பதில் வருது… ‘மரக்கறியா? இன்னிக்குப் பௌர்ணமியாடா நண்டு?’ மடையன்! பௌர்ணமிக்குக் கவிச்சி சாப்பிட மாட்டோமே, அதுன்னு நினைச்சுட்டான். பிறவி மடையன்!

… அழல. அழலப்பா. நான்தான்னு அவனுக்குத் தெரியணும். இரு… ‘அரிசிப் பானைக்குள்ள நாய்க்குட்டி.’… உனக்குப் புரியாது. சின்ன வயசுல அவன் ஒளிச்சு வச்சது எனக்கு மட்டும்தான் தெரியும்.

… மரம் வெட்டிக்கிட்டிருந்த அவன் ஆளுங்க எல்லாம் சும்மா நிக்கறாங்க… வருது. ‘அக்கா?’

ஆமாடா. ஆமாடா கண்ணா… துயேன், எழுதறேன். ‘ஹோவா அக்கா பையனை அடைச்சு வச்சிருக்காங்க. எந்திரி. கடை பேரு சொல்லு’… என்னது? பக்கத்து நாற்காலியிலயே இருக்கானாம்! புலிமீசை. கையெட்டற தூரத்துல. திரும்பினா எல்லாத்தையும் படிச்சுடுவான்!

… நானா? அவனைத் தாக்கவா? பழம் பறிக்கிற மூணு பேரை வச்சுக்கிட்டா?… ஆமா, ஆமா, அவன் கண்ணு அவன் திரையை விட்டு நகரக் கூடாது. போங்கடா மூணு பேரும்! அவனோட அந்தச் சிவப்பு வீட்டை உதைங்கடா!… ‘நண்டுக்கு மூளை குழம்பிடுச்சு’ன்னு சிரிக்கறான். சிரிக்கட்டும். குத்துங்கடா… ஒருத்தன் செத்துட்டான். லாம் எழுதறான்… ‘கக்கூஸ் போறேன். கல்லா அம்மாகிட்ட போன் கேக்கறேன்.’ அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒண்ணும் வரல… ரெண்டாவது ஆளும் போயிட்டான். ‘லாம் ஏன் அசையல’ன்னு எழுதறான் துயேன், கேக்கறான்! நான் என்ன…

இரு. வேற நம்பர் கூப்பிடுது. புது நம்பர். வை! வைடா, வை!

*

ஹலோ… லாம்?… அழாத, கேளு. கடை பேரு?… திரும்பச் சொல்லு… அப்பா, எழுதிக்குங்க, உங்க போன்ல போலீஸுக்கு அடிங்க, இப்பவே… நீ எங்க நிக்கற?… அடுப்படியா? அவங்க வீடா? அவங்ககிட்ட போனைக் குடு… அம்மா, அவன் என் தம்பிம்மா. அந்த மீசைக்காரன் கூட அனுப்பிடாதீங்க. நல்லா இருப்பீங்க, கதவைத் தாழ்ப்பாள் போடுங்க… கேட்டுச்சு. சத்தம் கேட்டுச்சும்மா.

… லாம், அவன் கதவைத் தட்டறானா? தட்டட்டும். தெறக்காத. போலீஸ் கிளம்பிட்டாங்கன்னு அப்பா சொல்றாரு… இல்லடா, திட்ட மாட்டேன். யாரும் திட்ட மாட்டோம்… வைக்காத. அவங்க வர்ற வரைக்கும் வைக்காத. எதையாவது பேசு… என்ன வேணா பேசு, நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்.