கிரேன்னா கொக்கு

— என்ன தம்பி, போன்ல ரெண்டு வரி மெசேஜ் படிக்க இவ்வளவு நேரமா?

— இருங்க அண்ணி... கண்ணு கூசுது.

— உங்க அண்ணன் கம்பெனியிலேர்ந்துதானே?

— ஆமா. சும்மா... ஏதோ பறவை விஷயம்.

— பறவையா?

— கொக்கு... விழுந்துடுச்சாம்.

— கொக்கு விழுந்ததுக்கு இங்கிலீஷ்ல எனக்கு எதுக்கு எழுதுறான்?

— எல்லா வீட்டுக்கும் அனுப்பியிருப்பாங்க. சைட்ல கூடு கட்டியிருந்துச்சு போல...

— எங்க, காட்டு.

— ஐயோ, போனை இழுக்காதீங்க!

— முதல் வார்த்தை... சி, ஆர், ஏ, என்... கிரேன்னுல்ல இருக்கு?

— கிரேன்னா கொக்குதான் அண்ணி. சத்தியமா. டிக்‌ஷனரியில முதல் அர்த்தமே அதுதான்.

— அப்போ உங்க அண்ணன் பன்னண்டு வருஷமா கொக்கா ஓட்டுறாரு?

— அது... கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்குதுல்ல, அதனால மெஷினுக்கும் அதே பேரை வெச்சுட்டாங்க. இப்ப என் தோளுக்கு மேல எட்டிப் பாக்குறீங்களே... அதுக்கும் அதே வார்த்தைதான்.

— ஆக மூணு அர்த்தம். நீ மட்டும் பறவைதான்னு ஒத்தைக் கால்ல நிக்கிற. சரி, அடுத்த வரி?

— வருத்தம் தெரிவிச்சிருக்காங்க.

— கொக்குக்கா?

— ...ஆமா.

— துண்டால ஏன் மூஞ்சியை மூடிக்கிற?

— குளிர்.

— அடுப்புகிட்ட உக்காந்துக்கிட்டு குளிரா!

— அண்ணி, நீங்க முதல்ல சாப்பிடுங்க. ஏழு மாசம்... வயித்தைக் காயப் போடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல?

— பேச்சை மாத்தாத. என்னை என்ன கொக்குன்னு நெனச்சியா?

— ஒண்ணுமில்லங்கிறேன்ல! அண்ணன் நல்லா இருக்காரு. நான்... நான் வெளியில போய் ஒரு போன் பண்ணிட்டு வந்துடுறேன்.

— போகாத. உக்காரு.

— கையை விடுங்க அண்ணி...

— அழுதா அழு. எனக்காக அடக்காத.

— நான் எதுக்கு அழணும்? கொக்குதான்... வெறும் கொக்குதான் அண்ணி...

— காலையிலேயே சைட் மேஸ்திரி கூப்பிட்டு எல்லாம் சொல்லிட்டாரு, தம்பி. உங்க அண்ணன் தோள்ல வளர்ந்த பிள்ளை நீ. அவர் போயிட்டாருன்னு உன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல... அதான், நீயே படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்னு போனைக் கொடுத்தேன்.