கருப்பாயி மேல தப்பில்ல

எங்க பக்கம் வெடிச் சத்தம் கேட்டா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாகய்யா. பட்டாசுக் கம்பெனில சாம்பிள் போட்டுப் பாக்காகன்னு நெனச்சுக்கிட்டு அவுக அவுக சோலியப் பாப்பாக. நீங்க வெளியூரு. வந்ததுல இருந்து ரெண்டு தடவ திடுக்குன்னு எந்திரிச்சிட்டீக. போகப் போகப் பழகிரும். டீ ஆறுது, குடிங்க.

எங்கிட்ட வேலை பாத்த சங்கிலிமுத்து சம்சாரம் வேல்விழி எம்மேல புகார் குடுத்ததுல எனக்கு வருத்தமில்ல. ஆனா முழுசாக் கேட்டுட்டு எழுதுங்க, இன்ஸ்பெக்டரய்யா.

ஆனைக்குட்டம் ரோட்டுல எங்க குடும்பத்துக் கரிசக்காடு தரிசாக் கெடந்துச்சு. அதுலதான் நாலு பேரச் சேத்துக் கமிட்டி வச்சு இந்த மிருகக்காட்சிப் பூங்காவ, பார்க்குன்னு சொல்லுவோம், ஆரம்பிச்சேன். நாந்தான் செயலாளர். மானு, மயிலு, சர்க்கஸ்ல இருந்து மீட்டு வந்த ஒரு கரடி. கருப்பாயின்னு அதுக்குப் பேரு வச்சதும் நாந்தான். இருக்கன்குடிக் கோயிலுக்கு நடந்து போற சனம் மானுக்கு அகத்திக்கீரை குடுத்துட்டுப் போகும். ஆனா கீரை வேற, நன்கொடை வேற. சிறுத்தைக்குக் கூண்டு கட்டணும், மிருகங்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்டணும்னு போய் நின்னா, கம்பெனி மொதலாளிமாரு சீசன் முடியட்டும்பாக. முடிஞ்சா, அடுத்த ஆர்டர் வரட்டும்பாக. பார்க்கையே மூடிருவாகளோன்னு எனக்குப் பயம். அந்தப் பயத்த மனசுல வச்சுக்கிட்டுத்தான் மத்ததெல்லாம் நீங்க பாக்கணும்.

ஒரு தீவாளிக்கு எவனோ வேலி ஓரம் வெடி போட்டுட்டான். மானுக்கு அடிபடவே வேண்டாம்யா, பயமே கொன்னுரும். ஒரு குட்டி வெறச்சு விழுந்துச்சு. அத வாட்ஸப்புல போட்டேன். தீப்பெட்டி ஆபீசுப் பொம்பளைக கூலில மிச்சம் பிடிச்சுக் கொண்டாந்து குடுத்தாக. அச்சாபீசு வச்சிருக்கிற ஒரு பிரஸ்காரர் அந்தப் பக்கம் பூரா சுவரு எழுப்பி, உபயம்னு அவரு பேர எழுதிக்கிட்டாரு. அழுத பிள்ளைக்குத்தான் பாலுன்னு சும்மாவா சொன்னாக. பார்க்கு தானா அழாது. அத அழ வைக்க ஒரு ஆள் வேணும்.

அடுத்த வருசம் வெடிய நான் போட்டேன். கோவத்துல இல்ல, நிதானமா, ஊதுவத்தில பத்த வச்சேன். ஒரு மான் போச்சு, மயிலுக்குக் கொட்டகை வந்துச்சு. அதுக்கடுத்த வருசம் தண்ணித் தொட்டி. யோசிச்சுப் பாத்தா மிருகங்களுக்குத்தான் நல்லது.

சங்கிலிமுத்து முன்னாடி பட்டாசுக் கம்பெனில இருந்தவன். பக்கத்து ரூம் வெடிச்சதுல அவன் மட்டும் தப்பிச்சான். அதுல இருந்து கிட்டத்துல சத்தம் கேட்டா, காதப் பொத்திக்கிட்டு அப்பிடியே குத்தவச்சு உக்காந்துருவான். எந்திரிக்க நேரமாகும். சத்தமில்லாத வேலையா வேணும்னு எங்கிட்டத்தான் வந்தான். மிருகங்களப் பாத்துக்கிடச் சொல்லி வேலை குடுத்தது நான். அதையும் எழுதிக்கோங்க.

போன தீவாளிக்கு நான் வேலி ஓரம் குனிஞ்சு நின்னத அவன் பாத்துட்டான். மறுநாள் வந்து, "மொதலாளி, அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் நான் கம்பெனி வேலையவே விட்டேன். வாயில்லாச் சீவனுக்கு அதையே குடுக்கீகளே. இனிமே வேண்டாம், கமிட்டில சொல்லிருவேன்"னான். எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு.

"ஏலே சங்கிலி, சாப்பிட்டியாலே"ன்னு கேட்டேன். வேற என்னத்தக் கேக்க.

கரடிய உள்ரூம்ல அடச்சு, நடுவுல இருக்கிற இரும்புப் பலகைய எறக்கிட்டுத்தான் அவன் கூண்டக் கூட்ட எறங்குவான். பலகையத் தூக்குற கம்பி வெளிய இருக்கு. அதுக்கு மறுநாள் காலைல அவன் கூட்டிக்கிட்டு இருக்கும்போது நான் அதத் தூக்குனேன். கருப்பாயி பாட்டுக்குப் படுத்துக் கெடந்துச்சு. அதுக்கு அவன் மேல என்ன விரோதம்? அதனால உள்ரூமுக்குப் பின்னால ஒரு வெடி போட்டேன்.

கதவு அவனுக்கு எட்டுற தூரந்தான். ஆனா வழக்கம்போலக் காதப் பொத்திக்கிட்டு உக்காந்துட்டான். கருப்பாயி கத்திக்கிட்டு ஓடியாந்துச்சு. ஒரே கூண்டுக்குள்ள பயந்து போன ரெண்டு சீவன். அவன் கரடியப் பாக்கலய்யா, என்னத்தான் பாத்தான். "மொதலாளி"ன்னு ஒரு தடவ கூப்பிட்டான். ரோட்டுல சனம் போய்க்கிட்டுத்தான் இருந்துச்சு. ஒருத்தரும் திரும்பிப் பாக்கல.

அதுக்கப்புறம் வந்த மாதிரி நன்கொடை எப்பவும் வந்ததில்ல. சிறுத்தைக் கூண்டுக்கு அஸ்திவாரம் போட்டாச்சு. 'சங்கிலிமுத்து நினைவாக, ஊர்மக்கள் உபயம்'னு கல்வெட்டு வாசகத்த நானே எழுதிக் குடுத்தேன். கல்லு நட்ட அன்னைக்கு வேல்விழி அந்தக் கல்லத் தடவிப் பாத்துட்டு எம்பக்கம் திரும்பி, "பலகைய எறக்காம எம்புருசன் உள்ள கால் வைக்க மாட்டாரு. அதத் தூக்குனது யாரு?"ன்னு கேட்டா. புருசன் பாத்த வேலைய அவளுக்கே குடுக்கலாம்னுதான் இருந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டடம் இன்னும் பாக்கி கெடக்கு.

இப்ப இதச் சொல்றது அவளுக்குப் பயந்து இல்ல. ஆளக் கொன்ன கரடின்னு கருப்பாயிய நாளைக்குக் கொண்டு போகப் போறாகளாம். அது என்ன பாவம் பண்ணுச்சு? கொன்னது நான். கருப்பாயி மேல தப்பில்லன்னு மொதல்ல எழுதுங்க.

இன்னொண்ணு. மிருகங்களுக்குக் கெடுதல் பண்ணவன்னு மட்டும் எழுதிறாதீக. சந்தேகம்னா ஒரு தடவ எங்கூட வந்து பாருங்க. வேற யாரு போனாலும் மான்க பாட்டுக்கு மேஞ்சுக்கிட்டு இருக்கும். நான் வேலி ஓரம் போய் நின்னாப் போதும், அம்புட்டும் மேயிறத விட்டுட்டு ஒரே மூலைல போய் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு அசையாம நிக்கும். வாயில்லாச் சீவனா இருந்தாலும், எம்மேல அதுகளுக்கு அம்புட்டு மரியாதை.