கிணறு தோண்ட ஓடுகிறவர்கள்

திருச்செந்தூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் துறைமுக ஆபீஸ் கிளார்க்கின் மனைவி. பக்கத்தில், தூத்துக்குடியில் மீன் விற்றுவிட்டு ஊர் திரும்புகிற அக்கா, காலிக் கூடையோடு.

“எங்க வீட்டுக்காரவ ஞாயித்துக்கிழமை விடிஞ்சா ஆபீஸ் ஆளுவளோட அஞ்சு மைல் ஓடுதாவ. ஓடிப் போயி கடற்கரை ஊர்ல கெணறு தோண்டுதாவளாம். வீட்டுல ஒரு கொடம் தண்ணி தூக்கித் தரமாட்டாவ.”

மீன்கார அக்கா திரும்பிப் பார்த்தாள். “அந்தக் கூட்டத்துல ஒங்க வீட்டுக்காரவளும் உண்டா? அது எங்க ஊருதான். ரெண்டு மைல் நடந்து நாங்க கொண்டாந்த தண்ணியப் பூரா குடிச்சிட்டுத்தான் மம்பட்டியத் தொடுதாவ.”

“பஸ்ஸுல போனா என்னன்னு கேட்டேன். ஓடுனாத்தான் ஒடம்புக்கு நல்லதாம்.”

“நானும் சொல்லிப் பாத்துட்டேன். கேக்க மாட்டேங்காவ.”

பிறகு கிளார்க்கின் மனைவி கேட்டாள். “கெணத்துல தண்ணி கண்டுச்சா?”

“நேத்து சாயந்தரம் ஊறிட்டு. ஆபீஸ் ஆளுவளுக்கு இன்னும் தெரியாது. உப்பே இல்ல, நல்ல தண்ணி.”

கிளார்க்கின் மனைவி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

“போச்சு. இனி அடுத்த ஊருக்கு ஓடுவாவ.”