ரெண்டு கறுப்பு ஜன்னல்

— கதவைச் சாத்து மச்சான். முதல்ல கதவைச் சாத்து.

— துடைப்பம் தடுக்குது அத்தான், இதுக்கு மேல சாத்த முடியாது. என்ன ஆச்சு? மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கிடக்கு? ரிசப்ஷன்ல அந்தப் பொண்ணு கத்திக்கிட்டிருக்கா, ஒரு பேஷண்ட் பேரும் வரலைன்னு.

— வராது.

— வராதுன்னா?

— அழிஞ்சு போச்சு. நான்தான் அழிச்சேன்.

— எதை?

— எல்லாத்தையும். இந்தப் பல் ஆஸ்பத்திரிக்கு வந்த அத்தனை பேரோட பல்லையும்.

— விளையாடாதீங்க அத்தான்.

— விளையாடுற முகமா இது? என்னத்தைச் சொல்ல. உன்னைப் பார்க்கவே கூசுது.

— சரி, பதறாதீங்க. ஒண்ணொண்ணா சொல்லுங்க. நேத்து நான் என்ன சொல்லிட்டுப் போனேன்? புது மிஷின்ல பேஷண்ட் விவரமெல்லாம் வைக்கிற டேட்டாபேஸ் சர்வரைப் போட்டு மட்டும் வைங்க, பழசுலேர்ந்து எல்லாத்தையும் மாத்துறதை நான் வந்து பார்த்துக்கறேன்னுதானே?

— அதேதான். நீ வர்றதுக்குள்ள முடிச்சு வச்சு, பார்த்தியா உங்கத்தான் வேலையைன்னு காட்டணும்னு ஒரு ஆசை. அதான் காலைலயே வந்துட்டேன். புது மிஷின்ல சர்வரை ஓடுன்னு சொன்னா ஓட மாட்டேங்குது. என்னென்னவோ குறை சொல்லுது. இன்டர்நெட்ல தேடினேன். போட்டதை வேரோட கழட்டி எறிஞ்சுட்டு முதல்லேர்ந்து போடுன்னு ஒருத்தன் எழுதியிருந்தான்.

— அது சரிதான். நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்.

— கழட்டினேன். நடுவுல ஒரு கேள்வி கேட்டுச்சு. உள்ள இருக்கிற டேட்டாவையும் சேர்த்து அழிச்சுடட்டுமான்னு.

— ஐயோ.

— புது மிஷின்தானே, உள்ள என்ன இருந்துடப் போகுதுன்னு ஆமான்னு தட்டிட்டேன்.

— எந்த ஜன்னல்ல தட்டினீங்க?

— ஸ்கிரீன்ல மிஷினுக்கு ஒண்ணா ரெண்டு ஜன்னல் திறந்து வச்சிருந்தேன் மச்சான். பழசுல எப்படி இருக்குன்னு பார்த்துப் பார்த்து புதுசுல செய்யலாம்னு. ரெண்டும் கறுப்பு. ரெண்டுலயும் அதே வெள்ளை எழுத்து...

— பழசுல தட்டியிருக்கீங்க.

— ஆமா.

— நல்லா ஓடிக்கிட்டிருந்த மிஷின்ல!

— ஆமாங்கறேனே. எத்தனை தடவை சொல்ல வைப்பே?

— அடிப்படை அத்தான், அடிப்படை! கையை வைக்கறதுக்கு முன்னாடி எங்க இருக்கோம்னு பார்க்க வேண்டாமா? பக்கத்து வீட்டுக்குள்ள நுழைஞ்சு கட்டிலைப் பிரிச்சுப் போட்டுட்டு வந்து நிக்கறீங்களே! நான் எத்தனை பேர்கிட்ட வாய் வார்த்தை குடுத்து உங்களை இங்க உட்கார வச்சேன்! அச்சாபீஸ்ல பெரிய பெரிய மிஷினை ஓட்டினவர், அதை மூடின பிறகும் சும்மா இல்லாம படிச்சு சர்டிபிகேட் வாங்கியிருக்காருன்னு டாக்டர்கிட்ட அளந்து விட்டேன்.

— தெரியும் மச்சான். அந்த சர்டிபிகேட்டை உங்கக்கா ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டியிருக்கா. சாயங்காலம் போய் அதுக்கு எதிர்லதான் உட்காரணும்.

— உங்களோட சேர்ந்து என் மானமும் போச்சு.

— திட்டு. நல்லாத் திட்டு. ஆனா முதல்ல ஒண்ணு மட்டும் சொல்லு. திரும்பக் கிடைக்குமா, கிடைக்காதா?

— ஞாயித்துக்கிழமை வரைக்கும் பேக்கப் இருக்கு. அதுக்கப்புறம் எழுதினது எல்லாம் போச்சு.

— தினமும் எடுக்கறதில்லையா?

— இடம் எங்க இருக்கு? அதுக்குத்தானே புது மிஷின். நகருங்க, நான் உட்கார்றேன். பழசு கிடக்கட்டும், அதைத் தொட வேண்டாம். புதுசுலயே போட்டு, பேக்கப்பை இறக்கி, ரிசப்ஷனை இதுக்குத் திருப்பி விட்டுடலாம். வெளிய எத்தனை பேர் இருக்காங்க?

— பெஞ்சு நிறைஞ்சிருக்கு. ஒருத்தர் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டே என்னையே பார்க்கறார். அவருக்கு எந்தப் பல்லுன்னு இப்ப யாருக்கும் தெரியாது.

— வீங்கின பக்கத்தைப் பார்த்தா தெரியாதா?

— சிரிப்பு வரல மச்சான்.

— எனக்கும் வரல. பாருங்க, புதுசுல வேரோட கழட்டியாச்சு. இப்ப மறுபடி போடறேன். இந்த நேரத்துல ஒண்ணு கத்துக்குங்க, இனிமேலாவது உதவும். ஒவ்வொரு வரியோட ஆரம்பத்துலயும் மிஷின் பேரு நிக்கும். எந்த மிஷின்ல இருக்கோம்னு அதுவே சொல்லிடும். சின்னக் குழந்தை கூட அதைப் படிச்சுட்டுத்தான் கையை வைக்கும். இந்த ஜன்னல்ல பாருங்க, என்ன போட்டிருக்குன்னு... இதோ, அந்த ஜன்னல்ல...

— ம், சொல்லு.

— ஒண்ணுமில்ல.

— ஏன் கை நின்னுடுச்சு?

— ஒண்ணுமில்லங்கறேன்ல. அந்த ஜன்னலை மூடிடறேன். அது இனிமே எதுக்கு?

— புதுசுல சர்வர் ஏன் முதல்ல ஓடலைன்னு தெரிஞ்சுதா மச்சான்? நான் எதையாவது விட்டுட்டேனா?

— இல்ல... அது வந்து, நான் மிஷினை இயக்கற லினக்ஸைப் புதுசாப் போடல. பழசுல இருந்ததை டேட்டா மட்டும் இல்லாம அப்படியே காப்பி எடுத்து இதுல வச்சேன். சர்வர் இருந்துச்சு, டேட்டாவுக்கான இடம் இல்ல. அதான் முரண்டு பிடிச்சிருக்கு.

— அச்சு அசல் காப்பியா?

— வேலை மிச்சமாகுமேன்னு பண்ணினேன். எல்லாரும் பண்றதுதான். இப்ப அதுவா முக்கியம்? இந்தாங்க, நீங்களே டைப் பண்ணுங்க. நான் சொல்லச் சொல்ல.

— நானா? இன்னும் என்னை நம்பறியா?

— பண்ணுங்க அத்தான். சர்வரைத் துவக்குங்க. ஓடுதா?

— ஓடுது. பச்சை எழுத்துல காட்டுது.

— மிஷின் அணைஞ்சு எழுந்தாலும் தானா ஓடணும்னு சொல்லிடுங்க. அப்புறம் தலைமை ஆளுக்கு, அதான் அட்மின் கணக்குக்கு, ஒரு பாஸ்வேர்டு. நல்ல நீளமா. யார் வேணும்னாலும் நுழையற சோதனைக் கணக்கு இருந்தா தூக்கிடுங்க.

— தூக்கிட்டேன்.

— இப்ப ரிசப்ஷன்ல ஓடுற பல் சாஃப்ட்வேருக்குன்னு தனியா ஒரு ஆளை உண்டாக்குங்க. அவனுக்கு அந்த ஒரு டேட்டாபேஸ்ல மட்டும் உரிமை. எல்லாத்துக்கும் சாவியைக் குடுத்துடாதீங்க.

— குடுக்கல. எனக்கே யாரும் குடுத்திருக்கக் கூடாது.

— அத்தான், விடுங்களேன்.

— என்ன மச்சான், திட்டறதைத் திடீர்னு நிறுத்திட்டே? திட்டு. நீ திட்டினா கொஞ்சம் தேவலையா இருக்கு. நீ இப்படித் தணிஞ்சு பேசினா இன்னும் அசிங்கமா இருக்கு.

— வேலையைப் பாருங்க. சர்வரோட செட்டிங் இருக்கிற கான்ஃபிக் ஃபைலைத் திறங்க. இப்ப இந்த சர்வர் தன் மிஷினுக்குள்ள யாராவது கூப்பிட்டாத்தான் பதில் சொல்லும். ரிசப்ஷன்லேர்ந்து கூப்பிட்டா காது கேக்காது. அந்த முகவரியை மாத்துங்க. ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கிற மிஷின்களுக்கு மட்டும் கேக்கணும், ஊருக்கெல்லாம் வேண்டாம்.

— மாத்தியாச்சு. ஃபயர்வால்லயும் அந்த ஒரு வாசலை மட்டும் திறக்கணும், இல்லையா?

— ஆமா. பரவாயில்லையே, ஞாபகம் வச்சிருக்கீங்களே!

— படிச்சது மறக்கல மச்சான். நிதானம்தான் போச்சு. என் பொண்ணு பஸ்ல பக்கத்துல உட்கார்றவங்ககிட்டல்லாம் சொல்றா, எங்கப்பா இப்ப கம்ப்யூட்டர் ஆளுன்னு. அச்சாபீஸ்ல இருந்தப்ப என் கை எப்பவும் கறுப்பா இருக்கும். அவ பிடிக்க மாட்டா. இப்பத்தான் பிடிச்சுக்கிட்டு நடக்கறா.

— சர்வரை நிறுத்தி மறுபடி ஓட விடுங்க. பேக்கப் இறங்கட்டும்.

— இறங்குது.

— அத்தான், டாக்டர் கேட்டா சுருக்கமா சொல்லிடுங்க. கவனக்குறைவு, மன்னிச்சுடுங்கன்னு. ஜன்னல் கிண்ணல்னு விளக்கிக்கிட்டிருக்க வேண்டாம். அவங்களுக்கு அதெல்லாம் புரியாது.

— விளக்க என்ன இருக்கு? கவனக்குறைவுதானே.

— அதான் சொல்றேன். இறங்கிடுச்சா? சரி, நான் ரிசப்ஷன்ல போய் ஓடுதான்னு பார்த்துட்டு வர்றேன். எதையும் தொடாதீங்க.

— போயிட்டு வா.

— அத்தான், ஓடுது! அந்தப் பொண்ணுக்கு உயிரே வந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் எல்லாப் பேரும் இருக்கு. எதையும் தொடலையே?

— ஒண்ணே ஒண்ணு பண்ணினேன் மச்சான்...

— ஐயோ, என்ன பண்ணினீங்க? இருங்க, டாக்டர் வர்றாங்க. அப்புறம் பேசலாம். எழுந்து நில்லுங்க.

— யார் பண்ணினது? சுருக்கமா சொல்லுங்க, பேஷண்ட்ஸ் காத்திருக்காங்க.

— நான்தான் டாக்டர். கவனக்குறைவு. மன்னிச்சுடுங்க.

— மன்னிக்கறது இருக்கட்டும். வெளிய ஒரு பெரியவர் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தாரே, பார்த்தீங்களா?

— பார்த்தேன் டாக்டர்.

— அவருக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து எழுதினேன். இப்ப அது இல்ல. அவரைக் கேட்டா அவருக்கு ஞாபகம் இல்ல. எனக்கும் உறுதியா சொல்ல முடியல. ஊசி போட பயந்து வலியோட திருப்பி அனுப்பியிருக்கேன். அந்த மனுஷன் எனக்கு நன்றி சொல்லிட்டுப் போறார்!

— அவர் என்னையேதான் பார்த்துக்கிட்டிருந்தார் டாக்டர்.

— எப்படி நடந்துச்சு? மிஷின்ல ஏதாவது கோளாறா? ஏம்ப்பா, நீங்க சொல்லுங்க. உங்களுக்குத்தானே தெரியும்.

— மிஷின்ல... கோளாறு ஒண்ணும் இல்ல டாக்டர்.

— அப்ப இவரோட தப்புதான்.

— ஆமா டாக்டர், அவன்தான் சொல்றானே. என் தப்புதான்.

— நாளைலேர்ந்து நீங்க வர வேண்டாம். வருத்தமாத்தான் இருக்கு, ஆனா வேற வழி இல்ல. தம்பி, நீங்க வந்து சரி பண்ணலேன்னா இன்னிக்கு ஆஸ்பத்திரியையே மூடியிருக்கணும்ப்பா. ரொம்ப தேங்க்ஸ். வெளிய ஆள் நிக்குது, நான் போறேன்.

— அத்தான்...

— அந்தப் பையை எடு மச்சான். உன் காலுக்குக் கீழ இருக்கு.

— கோபத்துல சொல்லிட்டுப் போறாங்க. ரெண்டு நாள் ஆறட்டும், நான் பேசிப் பார்க்கறேன்.

— பேசாதே. எனக்காகப் பேசினது போதும்.

— அக்காகிட்ட என்ன சொல்லுவீங்க?

— என் கவனக்குறைவுன்னு சொல்லுவேன். நீதான் வந்து காப்பாத்தினேன்னும் சொல்லுவேன். தம்பி தம்பின்னு உன் பேரைச் சொல்லிச் சொல்லி அவ பூரிச்சுப் போறதை நான் பார்த்திருக்கேன். அது அப்படியே இருக்கட்டும்.

— அத்தான், அப்ப என்னமோ பண்ணினேன்னீங்களே. எதைத் தொட்டீங்க? நான் தெரிஞ்சு வச்சுக்கணும்.

— பயப்படாதே, ஒண்ணும் உடையல. காப்பியில பேரும் சேர்ந்து வந்திருக்கு, ரெண்டு மிஷினுக்கும் ஒரே பேருதான் இருந்துச்சு மச்சான். நீ ரிசப்ஷனுக்குப் போனப்ப மாத்தி வச்சுட்டேன், ஒண்ணுக்குப் பழசுன்னு, ஒண்ணுக்குப் புதுசுன்னு. அடுத்து இங்க வந்து உட்கார்றவராவது ஏமாறாம இருக்கட்டும்.