ஒரு நாள் வழி

— மெதுவா பேசு ரெஜி, பின்சீட்டுல பிள்ளைங்க இப்பதான் கண்ணசந்தாங்க. அம்மச்சிய எந்த மார்ச்சுவரில வெச்சிருக்கீங்க?

— பாலா டவுன் ஆஸ்பத்திரிலதான் சேச்சி. காலைலதான் கொண்டுபோனோம்.

— காலைலயா? திங்கக்கிழமைலருந்து எங்க வெச்சிருந்தீங்க?

— திங்கக்கிழமை ஐ.சி.யூ.ல சேர்த்தோம். போன்ல சொன்னேனே.

— போதும்டா. இனியும் எதுக்கு இந்த நாடகம்? பெத்த அப்பச்சன் போனப்பவும் இதே ஐ.சி.யூ. கதைதான சொன்ன? கர்த்தாவே, நான் போய்ச் சேர்ற வரைக்கும் மூச்சு நிக்கக்கூடாதுன்னு சிகாகோலருந்து ஜெபமாலைய உருட்டிக்கிட்டே வந்தேன். வந்து பாத்தா முற்றத்துல பந்தல். நீ போன் பண்றதுக்கு முந்தியே அவர் போயாச்சு!

— வெளிநாட்டுல இருக்கறவங்ககிட்ட நம்ம ஊர்ல யாரு நேரா சொல்றாங்க? பதினாலாயிரம் கிலோமீட்டர் அழுதுட்டே வரணுமேன்னுதான்...

— அதான் இந்தத் தடவ நான் ஏமாறல. நீ ஐ.சி.யூ.ன்னதுமே புரிஞ்சுபோச்சு. அன்னிக்கே உக்காந்து அழுது தீத்துட்டேன். சர்ச்சுல ஆத்ம சாந்திக்குப் பூசையும் வெச்சாச்சு. ஐஸ்ல வெச்சிருக்கவளுக்கு ஓடி வந்து என்ன ஆகப்போகுது? பிள்ளைங்க பரீட்சை முடியட்டும்னு வெள்ளிக்கிழமை வந்து சேர்ற மாதிரி டிக்கெட் போட்டேன்.

— பூசை வெச்சியா? உசிரோட இருந்த பெத்தவளுக்கா?

— என்னடா சொல்ற?

— சேச்சி... அவ நிஜமாவே ஐ.சி.யூ.லதான் இருந்தா. இன்னிக்கு விடியக்காலைலதான் போனா. நீ அப்ப ஆகாசத்துல இருந்திருப்ப.

— பொய். ரெஜி, வண்டிய நிறுத்து. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

— நிறுத்திட்டேன். பாத்துக்கோ. இதுல பொய் சொல்ல எனக்கு என்ன இருக்கு?

— நான் நர்ஸுடா! பிரஷர் என்ன, ஆக்ஸிஜன் எவ்வளவுன்னு ஒரு வார்த்த கேக்கலியே நான். நீயாவது போனை அவ காதுல வெச்சிருக்கக் கூடாதா?

— வெக்கறேன்னேன். "எனக்குப் புரியுது, விடு"ன்னு நீதான் கட் பண்ணின. அப்புறம் எத்தன தடவ கூப்பிட்டேன்! அனுப்பின மெசேஜையும் நீ தொறந்தே பாக்கல. சிகாகோக்காரிக்கு நேரமில்லன்னு நானும் வீம்பா விட்டுட்டேன்.

— நீ தடுமாறிப் பொய் சொல்றதக் கேக்க முடியாமத்தான்டா எடுக்கல. ஐயோ அம்மச்சி... என்னைக் கேட்டாளா?

— இப்ப எதுக்கு அதெல்லாம்? கண்ணத் தொடை. பிள்ளைங்க முழிச்சுடும்.

— கேட்டாளாடா?

— புதன்கிழமை மாஸ்க்க நகத்திட்டுக் கேட்டா. எல்சி எப்ப வர்றான்னு. நீ மெசேஜ் போட்ட மாதிரி வெள்ளிக்கிழமைன்னேன்.

— கோவிச்சுக்கிட்டாளா?

— இல்ல. "சிகாகோலருந்து ஒரு நாள் வழிதானேடா. வெள்ளிக்கிழமைன்னா, நான் செத்துட்டேன்னு நெனச்சுட்டா என் பொண்ணு. பாவம், அவளத் திட்டாத. உங்கப்பன் போனப்ப அப்படிப் பொய் சொல்லச் சொன்னது நான்தானே"ன்னா.