மேட்சிங் கடைக்கு வந்த டோக்கன் மிஷின்

ரூபீனா: இன்னாடா தௌசீஃப், மறுபடியும் போன எடுத்துட்ட? அந்த சர்வீஸ்காரனுக்கா?

தௌசீஃப்: ஆமாக்கா. ஈக்காட்டுத்தாங்கல்லேர்ந்து தி.நகர் வர ரெண்டு வாரமா? நடந்தே வந்திருக்கலாம்!

ரூபீனா: வருவான், வருவான். நீ அந்த மெரூன் ஜாக்கெட் பிட்டுக் கட்ட இப்படித் தள்ளு.

தௌசீஃப்: அத்தா தொழுதுட்டு நேரா கடைக்குத்தான் வர்றாரு. டோக்கன் மிஷின் மூஞ்சில துணியப் போத்திக்கினு கெடக்கு. பாத்தார்னா...

ரூபீனா: பாத்தா இன்னா?

தௌசீஃப்: இன்னாவா? மிஷின் ஜெயிச்சா அடையார்ல தொறக்கற கடை என் கையில. தோத்தா, விட்டுட்டு வந்த கிண்டி வேலைக்கே திரும்பிப் போன்னுட்டாரு. உனக்குத் தெரியாதா?

ரூபீனா: தெரியும்டா. அதான்... சரி, ஒண்ணு கேக்கவா? கோச்சிக்கக் கூடாது.

தௌசீஃப்: கோச்சிக்கற மாதிரிதான் கேப்ப. கேளு.

ரூபீனா: அந்த மிஷின எதுக்கு வாங்கின?

தௌசீஃப்: கூட்டம்க்கா! பொடவைய எடுத்துக்கினு வந்து, ஜாக்கெட் பிட் மேட்ச் பண்ணச் சொல்லி கவுண்டர்ல முட்டி மோதினாங்க. டோக்கன் எடு, உக்காரு, நம்பர் வந்தா வா. சட்டுபுட்டுன்னு முடிஞ்சுது இல்ல?

ரூபீனா: முடிஞ்சுது. வியாபாரமும் சேந்து முடிஞ்சுது.

தௌசீஃப்: அக்கா!

ரூபீனா: கோச்சிக்க மாட்டேன்ன...

தௌசீஃப்: நான் எங்க சொன்னேன்? சரி, சொல்லித் தொலை.

ரூபீனா: ஜாக்கெட் பிட்டுக்குதான் வர்றாங்க. ஆனா நமக்கு அதுலயா காசு? கூட்டத்துல நிக்கறப்போ கை சும்மா இருக்குமா? லேஸத் தொடுவா, குஞ்சலத்த ஆட்டிப் பாப்பா, பட்டன் டப்பாவக் கிளறுவா. பக்கத்துல நிக்கறவ ஒண்ணு எடுத்தா...

தௌசீஃப்: இவளுக்கும் வேணும்.

ரூபீனா: ஆங்! நீ எல்லாரையும் சேர்ல உக்கார வெச்சு, போர்டப் பாருன்னுட்ட. எழுந்தா நம்பர் போயிடுமோன்னு ஒருத்தியும் அசையல. பல்லு புடுங்க வந்த மாதிரி உக்காந்துகினு இருந்தாங்க.

தௌசீஃப்: அது... ஆமா. கொஞ்சம் அப்படித்தான் இருந்துச்சு.

ரூபீனா: கோட்டூர்புரத்துலேர்ந்து ஒரு கல்யாண வீடு வந்துச்சே. அம்மா ஒண்ணு, பொண்ணு ஒண்ணு, சித்தி ஒண்ணு, நாத்தனார் ஒண்ணு...

தௌசீஃப்: ஒரே பொடவைக்கு நாலு டோக்கன். ஞாபகப்படுத்தாத!

ரூபீனா: நாலு வாட்டியும் அதே பொடவைய விரிச்சேன்டா! நாலாவது வாட்டி நானே வாய் விட்டு சிரிச்சுட்டேன்.

தௌசீஃப்: சிரி. நான் நல்லது நெனச்சுதான்க்கா...

ரூபீனா: தெரியும்டா. நீ வாங்கறேன்னப்போ நானும்தான கை தட்டினேன்? கடை எதுல பொழைக்குதுன்னு பாத்துட்டு மிஷின் வாங்கணும். நாம மிஷின வாங்கிட்டு கடைய அதுக்கேத்தாப்ல மாத்தினோம். செருப்புக்காக யாராவது கால வெட்டிப்பாங்களா?

தௌசீஃப்: அப்போ கடாசிடலாமா?

ரூபீனா: யாரு சொன்னா? பின்னாடி போய்ப் பாரு. பொடவக் கரைக்கு ஃபால்ஸ் அடிக்கக் குடுத்தவங்க, "ஆச்சா, ஆச்சா"ன்னு டைலர் அசோகன் தலைய உருட்டுறாங்க. அங்க நிக்கறவ ஒண்ணும் வாங்க மாட்டா, கடுப்புலதான் நிப்பா.

தௌசீஃப்: இரு, இரு... டோக்கன அங்க வெச்சா? பொடவ ரெடியானதும் அவ போனுக்கு மெசேஜ் போற மாதிரி பண்ணலாம். அதுவரைக்கும்...

ரூபீனா: லேஸ் பக்கம் சுத்துவா!

தௌசீஃப்: பாண்டி பஜார் முழுக்கக் கூட சுத்தட்டும். திரும்பி நம்ம வாசல் வழியாத்தான வரணும்!

ரூபீனா: மாஷா அல்லாஹ். இப்பதான் நீ கடைக்காரன் மவன்.

தௌசீஃப்: மிஷின் நின்னதுலேர்ந்து லேஸ் தட்டு சாயங்காலத்துக்குள்ள காலியாவுது. நானும் பாத்துக்கினுதான் இருக்கேன்.

ரூபீனா: பாத்தியா? ... தௌசீஃப், அத்தா வர்றதுக்குள்ள உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

தௌசீஃப்: சொல்லு.

ரூபீனா: திட்டக் கூடாது. மிஷினுக்கு ரிப்பேரும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான்... அட்டப்பொட்டிக்குப் பின்னாடி கைய வுட்டு ஒயரப் புடுங்கிட்டேன்.

தௌசீஃப்: எதுக்குக்கா?

ரூபீனா: மிஷின் தோத்துதுன்னா நீ தோத்த மாதிரி ஆயிடும்டா. ரிப்பேர்னா யார் மேலயும் பழி இல்ல. உன்ன கிண்டிக்கு அனுப்பிட்டு இந்தக் கடையில நான் யார்கிட்ட சண்ட போடுவேன்?

தௌசீஃப்: அத்தாகிட்ட நானே சொல்லிக்கறேன். மிஷின் நல்லாத்தான் இருக்கு, நான் வெச்ச எடம்தான் தப்புன்னு. அப்பறம் அவர் இஷ்டம்.

ரூபீனா: தோ, அத்தா வண்டி சத்தம்! ஐயோ, அந்த சர்வீஸ்காரன் இப்ப வந்து நின்னான்னா என் மானம் போச்சு.

தௌசீஃப்: அவன் வர மாட்டான்க்கா. மொத நாளே வந்துட்டான். ஒயரக் காட்டி, "சொருகட்டுமா சார்?"னு கேட்டான். அன்னிக்கு நீ லேஸ் அளந்துகினு இருந்த, உன்னச் சுத்தி அத்தன கூட்டம்... ஒரு டீ வாங்கிக் குடுத்து நான்தான் அனுப்பிட்டேன். தப்பு என்னுதுன்னு ஒத்துக்க எனக்கு வாய் வரல. இந்த ரெண்டு வாரமா போன்ல கத்தினேனே, அந்தப் பக்கம் யாருமே இல்ல.