மலையில் போட்ட நங்கூரம்

நிலாவெளி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் மீனவக் கிராமமான சல்லியில் இறங்க வேண்டியவர். மடியில் மரக்கறிப் பை. பஸ் வெளிக்கிட்டதும் அவர்தான் கதையைத் தொடங்கினார்.

“இண்டைக்குத்தான் அக்கா எனக்கு நிம்மதி. விடியவே அவர் கடலுக்குப் போயிட்டார்.”

“கடலுக்குப் போனதுக்கு நிம்மதியோ?”

“போன கிழமை மலைக்கெல்லோ போனவர். கூட்டாளிமாரோட தேயிலை மலையெல்லாம் நாள்கணக்கா நடக்கிறதெண்டு. ஒருநாள் பின்னேரம் போன் அடிச்சு, ‘ஒரே பனிப்புகார், பாதை தெரியேல்லை’ எண்டார். அதோட சிக்னலும் போச்சு.”

“ஐயோ! பிறகு?”

“கூட்டாளிமார் இறங்கிப் போவம் எண்டு நிண்டவையாம். இவர் ஏலாதெண்டு அதிலயே குந்திட்டார். கடலில மழை மூடிக் கரை தெரியாட்டி நங்கூரத்தைப் போட்டிட்டு இருப்பினமெல்லே, அப்பிடித்தான். புகார் விலகினாப் பிறகு பாத்தா, முன்னுக்குப் பாதையே இல்லையாம். பெரிய பள்ளமாம்.”

மற்றவர் நெஞ்சில் கை வைத்தார்.

“அம்மாளாச்சிதான் காப்பாத்தினவ.”

“ஓம் அக்கா. வந்த மனிசன் சும்மா இருக்கிறாரே? அடுத்தமுறை என்னையும் மலைக்குக் கூட்டிக்கொண்டு போறாராம்.”

“நீ என்ன சொன்னனி?”

பை குலுங்கச் சிரித்தார்.

“முதல்ல என்னைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டனான். கலியாணம் கட்டின நாளில இருந்து கேக்கிறன், இன்னும் வள்ளத்தில கால் வைக்க விடேல்லை.”